சீனாவோடு நிறுத்தியிருக்கலாம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கொரிய இலக்கியத்துக்கென்று ஒரேயோர் அறிஞன் இருந்த காலம் ஒன்று உண்டு. அது சில வாரங்கள்தான் நீடித்தது. அந்த அறிஞன் நான். கொரிய மொழியில் ஓர் எழுத்தும் எனக்குத் தெரியாது. கொரியக் கதை ஒன்றைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ முழுதாக வாசித்ததும் இல்லை. என் புலமை முழுவதும் பட்டணத்து நூலகத்தில் இருந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் ஒரு பந்தியிலும், பியோங்யாங்கிலிருந்து இலவசமாக வந்த வழுவழுப்பான சஞ்சிகை ஒன்றின் பாதியிலும் அடங்கியிருந்தது. சஞ்சிகையின் மற்றப் பாதியில் உழவு இயந்திரங்களின் படங்கள். இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மேடையில் பேசினேன். பேசி, என் மனைவி எழுதிய சிறுகதையின் வாய்ப்பைக் கெடுத்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். வல்வெட்டித்துறையில் மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில் இருந்தோம். நான் சாவகச்சேரி நீதிமன்றத்தில், எங்கள் பேச்சில் கோட்டில், கிளாக்கர். காலையில் பஸ் ஏறினால் நெல்லியடி, வரணி, கொடிகாமம் என்று குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேரவேண்டும். அந்தக் குலுக்கத்தில் வாசித்த புத்தகங்களால்தான் நான் படித்தவன் என்று பெயர் எடுத்தேன். பத்திரிகைகளில் ஓரிரு நகைச்சுவைக் கட்டுரைகளும் வந்திருந்தன. எனவே எங்கள் வீட்டில் எழுத்தாளன் என்றால் அது நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, மனைவி அந்தக் கதையை எழுதும்வரைக்கும்.

கதையில் இரண்டு பெண்கள், மைத்துனிமார். ஒரே கிணறு. இருவருடைய புருஷன்மாரும் ஒரே வள்ளத்தில் போயிருக்கிறார்கள், வள்ளம் வரவில்லை. வள்ளத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாளியைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள். வாளியை நெளித்தது யார், கயிற்றை நனைய விட்டது யார் என்று விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை சண்டை. கடைசியில் கடற்கரையில் யாரோ வள்ளத்துப் பாய் தெரியுது என்று கத்துகிறார்கள். சண்டை நிற்கவில்லை. ஆனால் ஒருத்தி மற்றவளின் குடத்தை நிரப்பி வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. முழுவதும் கடற்கரைப் பெண்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதியிருந்தாள்.

வாசித்து முடித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. கொஞ்சம் பொறாமையும்தான். "பரவாயில்லை" என்றேன். புருஷன் எழுத்தாளனாக இருந்தால் பெண்சாதிக்குக் கிடைக்கக்கூடிய அதியுயர் விருது அது.

எங்கள் ஊர் வாசிகசாலை ஆண்டு நிறைவுக்கு மலர் ஒன்று வெளியிடும். தலைவர் இளைப்பாறிய தமிழாசிரியர், பண்டிதர். ஊரில் பாதிப்பேரின் காதைத் திருகியவர், மீதிப்பேரின் கலியாணத்துக்கு வாழ்த்துப்பா எழுதியவர். மனைவி கதையை என்னிடம் கொடுத்து அவரிடம் சேர்ப்பித்தாள். அடுத்த கிழமை வாசிகசாலை வாசலில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, கதை நல்ல கதை. ஆனால் குளிக்காமல் வந்திருக்கு."

"ஐயா?"

"பேச்சு, தம்பி, பேச்சு. கிணத்தடியிலை அவளவை அப்பிடித்தான் கதைப்பாளவை, எனக்குத் தெரியாதே? அதை அச்சிலை ஏத்தலாமோ? நான் குளிப்பாட்டித் தாறன். ஒரு குறையும் வராது."

அவர் கெட்ட மனிதர் அல்லர். உண்மையிலேயே உதவி செய்வதாகத்தான் எண்ணினார். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் எழுதுகிறவர்கள் இரண்டு பட்டு நின்றார்கள். கதையில் பேச்சுத்தமிழ் வரலாம், அதுதான் மண்வாசனை என்றது ஒரு பக்கம். அது வாசனை அல்ல, நாற்றம் என்றது மறுபக்கம். பண்டிதர் மறுபக்கத்தின், எங்கள் வடமராட்சிப் பகுதிக் கிளை.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"குளிப்பாட்டினால் அவளவை செத்துப்போவாளவை. நான் எழுதினபடி போடுறதெண்டால் போடட்டும். இல்லாட்டில் வேண்டாம்."

"முதற்கதை. அச்சிலை வாறதே பெரிய விஷயம் எண்டு நினையும்."

"அவளவை ரெண்டு பேரும் ஏட்டுத் தமிழிலை சண்டை பிடிக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாது. நீங்கள் ஒருக்கா அவரோடை கதைச்சுப் பாருங்கோவன். உங்களிலை அவருக்கு மதிப்பு இருக்குத்தானே."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒருக்கா கதைத்துப் பார்க்கச் சொன்னாள். பண்டிதர் வீடு எங்கள் ஒழுங்கையில் நாலாவது படலை.

ஆனால் ஒரு விஷயத்தை நேரே போய்க் கேட்பது எங்கள் ஆட்களின் இயல்பு அல்ல. இது கோட்டுக் கிளாக்கர் என்ற முறையில் எனக்கு நன்றாகத் தெரியும். வேலியில் நட்ட கதியால் தடி ஒரு முழம் தள்ளி நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் வாய் திறந்து சொல்லமாட்டான். பேசாமல் பஸ் ஏறிச் சாவகச்சேரிக்கு வந்து வழக்குப் போடுவான். வழக்குப் போடுவதற்கு இயலாத விஷயம் என்றால் கூட்டம் வைப்போம். நானும் கூட்டம் வைக்கத் தீர்மானித்தேன். வாசிகசாலையில் ஒரு சொற்பொழிவு. உலகத்தில் பெரிய பெரிய சனங்களெல்லாம் பேச்சு மொழியில்தான் தங்கள் புதிய இலக்கியத்தைத் தொடங்கினார்கள் என்று நிறுவிவிட்டால், பண்டிதர் தானாகவே இறங்கி வருவார். மனைவியின் கதையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. என்ன நாகரிகம் பாருங்கள்.

நெல்லியடியில் டியூட்டரி நடத்திய நண்பர் ஒருவர் இருந்தார். பீக்கிங் பக்கத்துக் கம்யூனிஸ்ட் தோழர். மாணவர்களுக்குக் கணிதமும் மற்றவர்களுக்குச் சீனாவும் படிப்பிப்பார். விஷயத்தைச் சொன்னதும் துள்ளிக் குதித்தார்.

"சீனாவை வைச்சு அடி, மச்சான்! வேறை ஒண்டும் வேண்டாம். சீனா ஒண்டே காணும்."

மலிவுப் பதிப்புகளாக ஒரு கட்டுத் தந்தார். அரசாங்க ஊழியன் சிவப்பு அட்டையோடு பஸ்ஸில் இருக்கக்கூடாது என்று தேவார உரை ஒன்றின் மேலுறையைக் கழற்றிப் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருந்த கிழவர்கள் எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

சீனக் கதை உண்மையிலேயே அச்சொட்டாகப் பொருந்தியது. அங்கே படித்தவர்கள் ஈராயிரம் வருஷமாக எவருடைய வாயிலும் இல்லாத ஒரு மொழியில் எழுதினார்கள். அதை எழுதத் தெரிந்தவனுக்குப் பரீட்சை, பரீட்சையில் தேறியவனுக்கு உத்தியோகம். சந்தைப் பேச்சில் எழுதிய பழைய நாவல்களும் இருந்தன. எல்லாரும் ஒளித்து வைத்து வாசித்தார்கள், ஒருவரும் அவற்றை இலக்கியம் என்று சொல்லவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பரீட்சை போயிற்று. முடியாட்சி போயிற்று. வெளிநாடு போய்ப் படித்துவந்த இளைஞர்கள் ஒரு சஞ்சிகையைச் சுற்றிக் கூடி, பேசுகிறபடி எழுதுங்கள் என்றார்கள். பண்டிதர்கள் வைதார்கள். சில வருஷங்களுக்குள் பள்ளிக்கூடப் புத்தகமே மாறிவிட்டது. எங்கள் பண்டிதருக்கு முன்னால் வைக்க இதைவிடக் கச்சிதமான சாட்சி கிடையாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் சீனாவை மட்டும் பேசினால் ஊர் என்ன சொல்லும்? "உவன், டியூட்டரிக்காரன் சொல்லிக் குடுத்ததை ஒப்புவிக்கிறான்" என்று சொல்லும். எனக்கென்று ஒரு நாடு வேண்டியிருந்தது. வடமராட்சியில் ஒருவரும் தொடாத நாடாக இருக்கவேண்டும். சனிக்கிழமை யாழ்ப்பாணப் பட்டணத்து நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினேன். (இன்றைக்கு அந்தத் தொகுதியும் இல்லை, அது இருந்த தட்டும் இல்லை, அந்தக் கூரையும் இல்லை, எல்லாவற்றையும் எண்பத்தொன்றில் எரித்துவிட்டார்கள். அதைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை.) கொரியா கிடைத்தது. இலக்கியத்துக்கு ஒரு பந்தி ஒதுக்கியிருந்தார்கள். அங்கேயே நின்றபடி பிரதி பண்ணினேன்.

கொரியாவில் படித்தவர்கள் எழுதியது தங்கள் மொழியிலேயே அல்ல, சீன மொழியில். தங்களுக்கென்று அழகான, இலேசான எழுத்து ஒன்று சில நூற்றாண்டுகளாகக் கையில் இருந்தும், அது பெண்களின் எழுத்து என்று ஒதுக்கி வைத்தார்கள். கடைசியாக அந்த எழுத்து பத்திரிகைக்கு வந்து, புதுமாதிரி நாவல்கள் அதில் தலைகாட்டிய அதே நேரத்தில் யப்பான்காரன் ஆட்சியாளனாக உள்ளே வந்துவிட்டான். சீன இளைஞனும் கொரிய இளைஞனும் தோக்கியோவுக்குத்தான் படிக்கப் போனார்கள். சமூகம், நாவல் என்பவற்றுக்கான புதுச் சொற்களை இருவருமே அங்கிருந்துதான் கொண்டுவந்தார்கள். சீனன் திரும்பிப் போனது உடைந்து கிடந்தாலும் தன்னுடையதான ஒரு நாட்டுக்கு. கொரியன் திரும்பிப் போன இடத்தில் அஞ்சற்பெட்டியும் யப்பானுடையது, நீதிமன்றமும் யப்பானுடையது. சீன எழுத்தாளன் தன் சனங்களை எப்படி எழுப்புவது என்று கேட்டான். கொரிய எழுத்தாளன், எழுப்புவதற்குச் சனங்கள் மிஞ்சுமா என்று கேட்டான். பிறகு அந்த மொழியைப் பள்ளிக்கூடங்களிலிருந்தே வெளியேற்றினார்கள் என்று பந்தி முடிந்தது.

நான் பகட்டுக்காகத் தேடிப்போன பந்தி அது. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் இருப்புக்கொள்ளவில்லை. என் பையில் அந்தக் கடதாசியோடு சிங்கள அரிச்சுவடியும் இருந்தது. ஐம்பத்தாறில் தனிச் சிங்களச் சட்டம் வந்தபிறகு அரசாங்கக் கிளாக்கர்மார் சிங்களம் படித்துத் தேறவேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு நின்றுபோகும். எழுத்துகளின் வளைவுகளை நான் பஸ்ஸில்தான் விரலால் தொடையில் எழுதிப் பழகுவேன். அன்றைக்கு விரல் ஓடவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு நிலையில் இல்லை. நெல்லியடியில் பஸ் நிற்கும்போது தோழர் சொன்னதே சரி, சீனாதான் என்று தீர்மானிப்பேன். கொடிகாமம் வரும்போது கொரியா என்னைப் பிடித்துவிடும். கோட்டில் கூப்பிட்ட வழக்கை விட்டுவிட்டு வேறு வழக்கின் கட்டை எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி மனைவிக்கு யப்பான் ஆட்சியை விளக்கினேன். அவள் கேட்டாள், "பண்டிதர் ஐயாவோடை கதைச்சனீங்களே?"

"அதுக்குத்தான் ஆயத்தம் செய்யிறன்."

இன்னொரு பயமும் இருந்தது. மனைவியின் தாய்மாமன் சரக்குக் கப்பலில் உலகம் சுற்றியவர். கொரியாத் துறைமுகம் ஒன்றிலும் நின்றதாகச் சொல்லுவார். கூட்டத்தில் எழும்பி, "தம்பி, அது அப்பிடியில்லை" என்று ஒரு சொல் சொன்னால் என் ஏகபோகம் சரிந்துவிடும். கூட்டத்தன்று பார்க்கிறேன், மாமா முன்வரிசை வாங்கில், அங்கவஸ்திரத்தோடு.

பின்னேரக் கூட்டம். ஆண்கள் வாங்குகளில், பெண்கள் பின்னால் பாயில். மனைவியும் இருந்தாள். பண்டிதர் தலைமையுரையில் என்னைப் பற்றி ஒரு நிமிஷமும் சங்ககாலத்தைப் பற்றி நெடுநேரமும் பேசினார். நான் எழும்பினேன். சீனாவைப் பேசியபோது சபை நன்றாகக் கேட்டது. தோழர் கதவடியில் நின்று தலையாட்டினார். பண்டிதர்கூட, "ம்ம்" என்றார். அந்த "ம்ம்"மில் மனைவியின் கதை பாதி அச்சேறிவிட்டது என்று இன்றைக்கும் நம்புகிறேன். தோழர் சைகை காட்டினார், காணும், நிப்பாட்டிப்போட்டு இரு என்று. நான் தண்ணீர் குடித்துவிட்டுக் கொரியாவுக்குள் இறங்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. யப்பான் ஆட்சி வந்ததும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. நீதிமன்ற மொழி, பள்ளிக்கூட மொழி என்று நான் சொல்லச் சொல்ல எல்லாரும் கொரியாவை மறந்து வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் குரல் ஏறிவிட்டது. பேச்சு மொழியில் எழுதுவதைப் பற்றித்தான் பேச வந்தேன் என்பது என் நினைவில் இல்லை. கைதட்டல் பலமாக இருந்தது. எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

கேள்வி நேரம். மாமா எழும்பினார். பாய்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இது என்ரை கேள்வி இல்லை. மருமேள் கேக்கச் சொல்லுறாள்." எங்கள் ஊர்க் கூட்டங்களில் பெண்கள் கேள்வி கேட்பதென்றால் அப்படித்தான், ஓர் ஆண்பிள்ளையின் வாய்க்குள்ளால் வரவேண்டும். "பெண்டுகளின்ரை எழுத்து எண்டு சொன்னனியெல்லோ? அந்தப் பெண்டுகள் அதிலை என்ன எழுதினவையாம்?"

நான் பந்தியை நினைத்துப் பார்த்தேன். பந்தியில் இல்லை.

"அதைப் பிறகு ஆண்கள் எடுத்து..." என்று தொடங்கினேன்.

"அது சரி. பெண்டுகள்?"

"அது ஆராயப்படவேண்டிய விஷயம்" என்றேன். தெரியாது என்பதற்குப் படித்தவர்கள் சொல்வது அது. பாயிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. எனக்குப் பழக்கமான சிரிப்பு. பேச்சை மாற்றுவதற்காக, "மாமா, நீங்கள் கொரியாவிலை நிண்டனீங்கள், நீங்களே சொல்லுங்கோவன்" என்றேன்.

"நானோ? அந்த எழுத்தைக் கண்டனான். போத்தல் லேபிளிலை. குளிர் தம்பி, கப்பலை விட்டு இறங்கேல்லை" என்று சொல்லி வாங்கில் இருந்துவிட்டார். இவருக்குப் பயந்துதான் இத்தனை நாளும் நான் சாப்பாடு இறங்காமல் இருந்தேன்.

பண்டிதர் முடிவுரைக்கு எழுந்தார். ஆறுதலாகத் தொடங்கினார்.

"தம்பி இண்டைக்கு எங்கடை கண்ணைத் திறந்துபோட்டார். சீனனுக்கு நாடு அவன்ரை. தன்ரை மொழியை அவிட்டுப்போட்டு விளையாட அவனுக்கு முற்றம் இருந்தது. கொரியாக்காரனுக்கு முற்றமும் இல்லை, வளவும் இல்லை, மொழி ஒண்டுதான் மிச்சம். சபையோரே, சொல்லுங்கோ, எங்கடை நிலை சீனன்ரை நிலையோ, கொரியாக்காரன்ரை நிலையோ?"

"கொரியா!" என்றது சபை.

"அப்ப, இது மொழியைத் தளர்த்துற காலமோ, இறுக்கிற காலமோ?"

"இறுக்கிற காலம்!"

கூரை அதிர்ந்தது. தோழர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் கொண்டுவந்த நாட்டை வைத்தே பண்டிதர் என்னை மடக்கிவிட்டார். நன்றியுரை, தேவாரம், சோடா.

ஒழுங்கையால் வீட்டுக்கு நடந்தோம். படலையடியில் நான்தான், "பெண்டுகளைப் பற்றின கேள்வி நல்ல கேள்வி" என்றேன்.

"தெரியாதபடியாத்தான் கேட்டனான்" என்றாள்.

பண்டிதருக்குச் சொல்லவேண்டிய மறுமொழி எனக்கு வந்தது. மறுநாள் காலை, வரணியில். கொரியாக்காரன் மொழியைக் காப்பாற்றியது இறுக்கியா? அவன் இறுக்கி வைத்திருந்தது சீனத்தை அல்லவா? ஒதுக்கி வைத்த பெண்களின் எழுத்தை எடுத்துத்தானே தப்பினான்! பஸ்ஸை நிறுத்தி இறங்கலாம் போல இருந்தது. அன்று முழுக்கக் கோட்டில் அந்த மறுமொழியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு, பின்னேரம் வீட்டுக்கும் போகாமல் நேரே பண்டிதரின் படலையைத் திறந்தேன். முழுவதையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்ல பொயின்ற், தம்பி. உண்மையிலேயே நல்ல பொயின்ற். நேற்றுச் சொல்லியிருக்கலாம்."

"இப்ப சொல்லுறன்தானே, ஐயா."

"முடிவுரை முடிஞ்சுதே தம்பி. சபை ஒரு தீர்மானத்துக்கு வந்திட்டுது. இனி நான் மட்டும் எப்பிடி மாத்துறது?"

கூட்டம் வைக்காமல் வந்து கேட்டிருந்தால் சபை என்ற ஒன்றே இருந்திராது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதையைக் குளிப்பாட்டவா என்று மறுபடியும் கேட்டார். வேண்டாம் என்று திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். மனைவி அதை வாங்கி அலுமாரி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள். என்னோடு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

மலரில் அவள் கதைக்கென்று ஒதுக்கிய பக்கங்கள் வெறுமையாக நின்றன. அதை நிரப்பச் சொற்பொழிவைக் கட்டுரையாகத் தரமுடியுமா என்று பண்டிதர் ஆள் அனுப்பினார். மறுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். கொடுத்தேன். "சீன, கொரிய நவீன இலக்கியங்களின் தோற்றுவாய்: ஓர் ஒப்பியல் நோக்கு" என்று தலைப்புப் போட்டு, படத்தோடு வந்தது. அச்சுப் பிரதியைக் கொண்டுபோய் வீட்டு மேசையில், ஒருவரும் பாராத இடமாகப் பார்த்து வைத்தேன்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் இருக்கும். கோட்டில் என்னோடு வேலை செய்த ஒருவர் கொழும்புப் பத்திரிகையின் ஞாயிறு இதழை நீட்டி, "உங்கடை மனிசியின்ரை பேரெல்லோ?" என்றார். அதே கதை. வாளி, கயிறு, கிணற்றடி, ஒரு சொல்லும் மாறவில்லை. நடுவில் கிணற்றின் சித்திரம்கூடப் போட்டிருந்தார்கள். அன்றைய பஸ் கொடிகாமத்தில் நின்றதா, நெல்லியடியில் நின்றதா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தும் கழற்றாமல் நின்றேன்.

"உந்தக் கதையை எப்பிடிப் போட்டவை? பேச்சுத்தமிழைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ? என்ன விளக்கம் எழுதினனீர்?"

மனைவி பத்திரிகையை வாங்கி, கிணற்றின் படத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"விளக்கமோ? முத்திரை ஒட்டித் தபாலிலை போட்டன், அவையும் போட்டிட்டினம். கொரியாவைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை."